பெருமாள்மலையும் பொச்சாவாமையும்

பௌத்தம் தமிழகத்தில் வழக்கிழந்து பல நூற்றாண்டுகள் ஆயின என்பது நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பொதுவாகக் கூறும் முடிபு. மணிமேகலை, வீரசோழியம், பெயரளவில் எஞ்சிய குண்டலகேசி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்று ஒரு பட்டியல் தந்து அவ்வதிகாரத்தை முடித்துவிடுவது வழக்கம். சமய வரலாற்றளவில் அம்முடிபு பொருந்துவதே. ஆயினும் கொடைக்கானலுக்குச் செல்லும் மலைவழியில், வத்தலக்குண்டிலிருந்து வரும் சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் கூடுகின்ற பெருமாள்மலை என்னும் சிற்றூரில், பௌத்தத்தின் ஒரு பிரிவாகிய ஜென் முறையில் மனப்பயிற்சி அளிக்கும் கூடம் ஒன்று 1996ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 'போதி ஜென்டோ' என்பது அதன் பெயர். நிறுவியவர் தமிழர், அதனினும் வியப்பு, அவர் இயேசு சபைத் துறவி. அங்கு வந்து பயில்வோரில் வெளிநாட்டினர் பலர். பயிற்சிமொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ப் புலமையுலகம் அதனைப் பெரிதும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அக்கூடத்தின் வரலாற்றை முற்றக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இக்கால வாழ்வின் இடர்களுக்கு மருந்தாக அங்குப் பயிலப்படும் பயிற்சியின் உயிர்நிலை யாது, அதற்குத் தமிழில் முன்னரே பெயர் உண்டா, உண்டெனின் அப்பெயரால் நாம் பெறும் தெளிவு யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன. பெயர் உண்டு. அது திருக்குறளின் 54ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'பொச்சாவாமை' என்பது என் துணிபு. இதனை நிறுவுமுன், அக்கூடம் எழுந்த வழியைச் சிறிது காண்போம்.

அருள் மரிய ஆரோக்கியசாமி என்னும் அமா சாமி 1936ஆம் ஆண்டில் பர்மாவில் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். இயேசு சபையிற் சேர்ந்து துறவு பூண்டவர். இந்தியாவில் ஆன்மிகத் தேடலில் ஈடுபட்டிருந்த அவரை ஜப்பானுக்குச் செலுத்திய தொடர்பு ஹூகோ எனோமியா லசால் அடிகளுடையது. லசால் (1898-1990) செருமானியர்; ஜப்பானில் இயேசு சபைப் பணியாற்றியவர்; 1945இல் ஹிரோஷிமா நகர்மீது அணுக்குண்டு வீழ்ந்தபோது அந்நகரில் இருந்து காயங்களோடு உயிர் தப்பியவர். கிறித்தவத் துறவியர் ஜென் பயிற்சியை மேற்கொள்ளலாம் என்னும் வழியைத் திறந்தோருள் அவர் முதல்வர். அவ்வழியே காமகுரா நகரத்து யமடா கோஉன் (1907-1989) என்னும் ஆசானிடம் சென்று பயின்ற அமா சாமி, 1982இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். யமடா மொட்டைத் துறவியல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்து, அலுவலும் பார்த்துக்கொண்டு, ஜென் கற்பித்தவர். அவர் தலைமை தாங்கிய 'சன்போ கியோதன்' என்னும் மரபு 1954இல் யசுதானி ஹகுஉன் என்பவரால் தனித்து நிறுவப்பெற்றது. இல்லறத்தாருக்கும் பிற சமயத்தாருக்கும் கதவு திறந்த மரபு அது. 2002இல் அமா சாமி அவ்வமைப்பினின்று விலகிப் 'போதி சங்கம்' என்ற பெயரில் தனி நெறி நடத்தலானார். திருச்சபையின் உட்புறத்தும் இம்முயற்சிக்குத் தடையுரைகள் இல்லாமலில்லை. ஜென், யோகம் போன்ற கீழை முறைகளைக் கிறித்தவ மன்றாட்டோடு கலப்பது குறித்து எச்சரிக்கும் மடல் ஒன்று 1989இல் வத்திக்கானிலிருந்து வெளிவந்தது. அவ்வழக்கு நமக்கு இங்கு வேண்டுவதன்று.

வேண்டுவது மற்றொன்று. இவ்வரலாற்றைக் கேட்டவுடன் தமிழர் பலருக்கு முதலில் நினைவில் எழுவது போதிதருமர் பெயராகும். 'காஞ்சிப் பல்லவ இளவரசர் சீனம் சென்றார்; அவர் தந்ததே ஜென்; இப்பொழுது அது தாயகம் திரும்பியது' என்று நெஞ்சு நிமிர்த்துவர். 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப் பின்னர் இந்நிமிர்வு மிகுந்தது. சான்றுகளோ அவ்வளவு இணக்கமாக இல்லை. போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல், 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி என்பவர் லொயாங் நகர விகாரங்களைப் பற்றி எழுதியது; அஃது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த மேற்றிசையாளர் என்கின்றது. தான்லின் என்பவரின் முன்னுரை தென்னிந்தியப் பேரரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கின்றது. ஏழாம் நூற்றாண்டினராகிய தாவோசுவான் தென்னிந்திய அந்தணர் என்கின்றார். காஞ்சி, பல்லவர் என்பன பின்னையோர் இணைத்த முடிச்சுகள். தென்னிந்தியத் தொடர்பு பழைய சான்றுடையது, பல்லவத் தொடர்பு அத்தகைய வலியுடையதன்று என்பதே ஆராய்ச்சியாளர் கூறத்தக்கது. போகர் சீனம் சென்றுவந்தார் எனப் பழனியில் வழங்கும் கதையும் இவ்வினத்தைச் சார்ந்ததே. சொல் வரலாறு ஒன்றே ஐயத்திற்கு இடமற்றது: தியானம் என்னும் வடசொல் சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. போதிதருமர் நம்மவர் என்று மகிழ்வதற்கு முயற்சி யாதும் வேண்டுவதில்லை. ஒரு நாழிகை அசையாது அமர்வதற்கு வேண்டும். நம் நாட்டில் முன்னதற்கே கூட்டம் மிகுதி.

இனி, பயிற்சியைக் காண்போம். இம்மரபில் ஓர் இருப்பு ஏறத்தாழ 25 நிமிடம் நீளும். தரையில் மெத்தையிட்டு, முதுகு நிமிர்ந்து, கண்ணை முற்ற மூடாது சற்றே தாழ்த்தி அமர்வர். தொடக்கத்தார்க்குக் கொடுக்கப்படும் வேலை மிக எளியது: மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுதல், பத்து வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குதல். இடையில் எண் மறந்துபோமாயின், மறந்தமைக்கு வருந்தாமலும் தன்னைக் கடிந்துகொள்ளாமலும் ஒன்றுக்குத் திரும்புதல். இருப்புகளுக்கிடையே மெல்ல நடத்தல் உண்டு. பெருக்குதல், காய் நறுக்குதல், தோட்டவேலை ஆகியனவும் பயிற்சியின் பகுதிகளே. அவற்றைச் 'சாமு' என்பர். ஆசானைத் தனியே கண்டு உரையாடுதல் 'தோகுசான்' எனப்படும். பல நாள் தொடர்ந்து பேச்சின்றிப் பயில்வது 'செஷின்'. முதிர்ந்தார்க்குக் 'கோஆன்' என்னும் விடுகதை போன்ற வினாக்கள் கொடுக்கப்படும். அவற்றுக்கு நூலறிவால் விடை கூற இயலாது. தன் வாழ்வையே விடையாகக் காட்டல் வேண்டும்.

எழுதிப் பார்க்கும்போது இஃது ஒரு பயிற்சியாகவே தோன்றாது. பத்து எண்ணத் தெரியாதவர் யார்? ஆனால் அமர்ந்து எண்ணிப் பார்த்தவர் அறிவர்: நான்கில் இருக்கும்போதே மனம் நேற்றைய சொல்லாட்டத்திற்குச் சென்றுவிடும், அல்லது எண் தானாகப் பதினேழு வரை ஓடும், எண்ணுவோன் அங்கு இல்லாமலே. பட்டம் பெற்றவர் பெறாதவர் என்னும் வேறுபாடு இதிற் சிறிதும் இல்லை. மறத்தல், மறந்தமையை உணர்தல், திரும்புதல் என்னும் மூன்றே அங்கு மீண்டும் மீண்டும் நிகழ்வன. இவற்றுள் நடுவில் நிற்பதே பயிற்சியின் உயிர்நிலை. மறவாதிருத்தல் எவர்க்கும் முழுதும் கைகூடுவதன்று. மறந்தமையை விரைவில் உணர்தல் பழக்கத்தால் வருவது.

பாலி நூல்கள் இதனை 'சதி' என்றும் 'அப்பமாதம்' என்றும் இரு சொற்களாற் குறிக்கும். சதி என்பது வடமொழி 'ஸ்மிருதி'யின் திரிபு. நினைவு என்பது அதன் வேர்ப்பொருள். அப்பமாதம் என்பது 'பமாதம்' என்பதன் மறுதலை. பமாதம் 'மத்' என்னும் வினையடியிற் பிறந்தது. அவ்வடிக்கு மகிழ்தல், மயங்குதல், வெறிகொள்ளுதல் என்னும் பொருள்கள் உண்டு. எனவே, களிப்பில் மயங்கிக் கடமை மறத்தல் பமாதம். அங்ஙனம் மறவாமை அப்பமாதம். தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் 12 செய்யுட்களில் இதனையே பேசுகின்றது. புத்தர் இறுதியாகத் தம் மாணாக்கர்க்குக் கூறிய அறிவுரையிலும் இச்சொல்லே நிற்கின்றது.

திருக்குறளைத் திறப்போம். பொச்சாப்பாவது மறதி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலும் எண்ணப்பட்ட பழஞ்சொல் அது. ஆயின் வள்ளுவர் எடுத்துக்கொண்டது எல்லா மறதியையும் அன்று. திறவுகோலை வைத்த இடம் மறப்பது இவ்வதிகாரத்திற்குப் பொருளாகாது. மிக்க உவகையால் வரும் சோர்வே அவர் பேசுவது. அளவிறந்த வெகுளியைக் காட்டிலும் அது தீது என்றே அதிகாரம் தொடங்குகின்றது. சங்கத் தமிழில் 'மகிழ்' என்னும் சொல்லுக்குக் கள் என்றும் கள்ளுண்ட களிப்பு என்றும் பொருள் உண்டென்பது மாணாக்கரும் அறிவர். 'மத்' என்னும் அடி செய்யும் வேலையைத் தமிழில் 'மகிழ்' செய்கின்றது. களிப்பு, வெறி, மறதி ஆகிய மூன்றும் ஒரே கொடியிற் காய்த்தவை என்னும் அறிவு இரு மொழிகளிலும் ஒத்துக் காணப்படுகின்றது.

இதனைக்கொண்டு வள்ளுவர் பௌத்தர் என்று கூற முற்படுவார்க்கு யான் துணை நில்லேன். அரசன் சோர்வுறுதல் கூடாதென்பது வடமொழிப் பொருள்நூல்களும் கூறுவதே; சமண நூல்களிலும் பமாதம் கடியப்பட்டுள்ளது. ஒரு நாட்டுச் சான்றோர் பலர் ஒன்றையே கண்டனர் என்று கொள்ளலே அமையும். நமக்கு வேண்டுவது அதிகாரத்தின் இடம். பொச்சாவாமை துறவறவியலில் இல்லை. பொருட்பாலில், அரசியலில், சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் இடையில் நிற்கின்றது. உறவினரைப் பேணுதல் ஒருபுறம், முறை செய்தல் மறுபுறம், நடுவில் மறவாமை. மகாவமிசமும் இதற்கியையும் ஒரு செய்தி தருகின்றது. அசோகனுக்கு நிக்குரோதன் என்னும் இளந்துறவி முதன்முதல் ஓதியது தம்மபதத்தின் இவ்வப்பமாத அதிகாரமே என்பது அது. வரலாறாயினும் கதையாயினும், அவ்வறிவுரை நாடாள்வானுக்குரியது என்று முன்னோர் கருதினர் என்பது பெறப்படும். காட்டிற்குச் சென்றார்க்கு மறவாமை எளிது. கோப்புகளும் வழக்குகளும் புகழ்வோரும் சூழ இருப்பானுக்கே அஃது அரிது. ஆகவே அவனுக்கே வேண்டுவது.

இவ்வதிகாரத்தின் ஏழாம் குறள் மறவாத மனத்தைக் 'கருவி' என்கின்றது. இச்சொல்லாட்சி ஆழ்ந்து நோக்கற்பாலது. கருவி, கையிலெடுத்துத் தொழில் செய்தற்குரியது. தீட்டப்பட வேண்டுவது; பழகப் பழகக் கைக்கு இசைவது; வைத்த இடத்திலேயே விட்டால் துருப்பிடிப்பது. அமைதி அடைதல், பேரின்பம் பெறுதல் என்று பயிற்சியின் பயனை முதலிற் கூறி அழைக்கும் விளம்பரங்களுக்கும் இக்கருத்துக்கும் உள்ள தொலைவு பெரிது. பெருமாள்மலையில் காய் நறுக்குதலும் பயிற்சியாகக் கொள்ளப்படுவதன் காரணமும் இதுவே என்க.

அந்நாள் அரசனுக்கு இருந்த களிப்புகள் யாவை? பாணர் பாட்டு, கூத்து, புகழ்மாலை, செய்தி கொணரும் ஒற்றர். இவை அனைத்தும் இன்று கல்லூரி மாணவன் ஒருவனின் சட்டைப்பையில் கைப்பேசியாய் அமைந்துவிட்டன. ஆகலின் அரசியலில் வைத்த அதிகாரம் இன்று எல்லார்க்கும் உரியதாயிற்று. முதுகலை வகுப்பில் மணிமேகலையை விரித்து வைத்துக்கொண்டே, மேசைக்குக் கீழே ஒளிரும் திரையை நோக்கும் மாணாக்கரை நாம் அனைவரும் காண்கின்றோம். அவர்களை நோவதற்கு நமக்குத் தகுதி குறைவு. ஆண்டுதோறும் எத்தனை கட்டுரை வெளியிட்டோம் என்று படிவம் நிரப்பும் ஆசிரியர் நாம். எழுதிய கட்டுரையின் பொருள் மறந்து எண்ணிக்கை மட்டும் நினைவிலிருக்கும் நிலை நம்மிடையேயும் உண்டு.

இந்நிகழ்ச்சியின் உள்ளமைப்பை ஆராய்வதற்குத் தமிழில் சிறந்த கருவி மணிமேகலையின் இறுதிக் காதையாகும். 'பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை' என்னும் அம்முப்பதாம் காதையில், அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குப் பன்னிரு சார்புகளை உணர்த்துகின்றார். பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் அத்தொடரில் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன நடுவிலுள்ளவை. 'வாயில்' என்பது கண் முதலிய ஐந்தும் மனமும். வாயிலும் பொருளும் கூடுவது 'ஊறு'. அதனால் இனிது, இன்னாது, இரண்டுமன்று என எழும் உணர்ச்சி 'நுகர்வு'. அதிலிருந்து 'வேட்கை', வேட்கையிலிருந்து 'பற்று'.

கைப்பேசி ஒலிக்கின்றது: ஊறு. யாரோ நம்மை நினைத்தனர் என்னும் சிறு இனிமை: நுகர்வு. கை தானே நீள்கின்றது: வேட்கை. அரை மணி கழித்துத் தலை நிமிர்கின்றோம். எதற்காக எடுத்தோம் என்பது நினைவில்லை. இது பற்று மட்டுமன்று, பொச்சாப்பும் ஆகும். ஒலியைத் தடுத்தல் எல்லா வேளையிலும் நம் கையில் இல்லை. ஒலி கேட்டால் இனிமை எழுதலும் அப்படியே. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள மயிரிழை போன்ற இடைவெளி ஒன்றே நம் ஆட்சிக்குட்பட்டது. மூச்செண்ணும் பயிற்சி அவ்விடைவெளியை அகலப்படுத்தும் பயிற்சியே. எண் மறந்தமையை உணர்ந்தவன், கை நீள்வதையும் நீளும்போதே உணர்வான். உறங்க முடியாமை, தேர்வச்சம், அயலார் வாழ்வோடு தம் வாழ்வை ஒப்பிட்டு வெதும்புதல் ஆகியவற்றிலும் இதே முறை செல்லும். அச்சம் எழுவது நுகர்வு. அதன்மேல் கதை கட்டுவது வேட்கையும் பற்றும். ஜென் ஆசான்கள் இவ்வாறு பகுத்துக் கூற விரும்பார். 'பகுத்தது போதும், அமர்க' என்பது அவர் போக்கு. எனினும் பகுத்தறிந்தே தெளியும் பழக்கமுடைய தமிழ் மாணாக்கர்க்கு அறவண அடிகளின் பாடம் முற்படக் கூறப்படுதல் நலம் என்று கருதுகின்றேன்.

மேலைநாட்டு மருத்துவமும் இப்பயிற்சியை ஏற்றுள்ளது. 1954இல் கொழும்பில் நூலொன்று வெளியிட்ட ஞானபோனிகர் என்னும் செருமானியத் தேரர், சதி என்பதை வெறும் நோக்கமாகத் தூய்மைப்படுத்தி விளக்கினார். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட் சின் என்பவர், நாட்பட்ட நோவுடையார்க்காகப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அதில் பௌத்தம் என்னும் பெயர் முன்னிறுத்தப்படவில்லை. அதன்பின் மருத்துவமனை, பள்ளி, படை, வணிக நிறுவனம் என அப்பயிற்சி பரவிற்று. நோவு தணிந்தவர் பலர். அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயின் அங்கிருந்து திரும்பித் தமிழுக்கு வரும்போது ஒரு சொற்குழப்பம் நேர்ந்தது. 'நினைவாற்றல்' என்று மொழிபெயர்ப்போர் உளர். படிப்பவர் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் திறம் என்று கொள்வர். வேர்ப்பொருளில் அது முற்றும் தவறன்று என்பது வேறு. 'விழிப்புணர்வு' என்பது பொருந்தும் சொல்லே. ஆனால் தலைக்கவச விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, கொசு ஒழிப்பு விழிப்புணர்வுப் பேரணி என்று அரசு விளம்பரங்கள் அதனைப் பிறர்க்குச் செய்தி அறிவிக்கும் செயலாக மாற்றிவிட்டன. 'பொச்சாவாமை' வழக்கிறந்த சொல் என்று சிலர் மறுக்கலாம். வழக்கிறந்தமையால் அது தேயாது நிற்கின்றது. களிப்பு, மறதி, கடமை ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டுகின்றது. பிற சொற்களுக்கு அவ்வலிமை இல்லை.

இனி, இப்பயிற்சியின் எல்லையையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. அதற்குக் கொடைக்கானலே சான்று தருகின்றது. பாம்பார்ச் சோலையை அடுத்து 1980களில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று நடைபெறத் தொடங்கிற்று. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல்லில் உள்ள பழம்பொருட் கிடங்கு ஒன்றில் கிடந்தமை வெளிப்பட்டு, மக்கள் கிளர்ந்தெழ, 2001இல் ஆலை மூடப்பட்டது. தம் உடல்நலம் பாதரச ஆவியால் கெட்டதெனத் தொழிலாளர் பல்லாண்டு வழக்காடினர். உடல்நலக்கேட்டுக்குத் தன் ஆலை காரணமன்று என்பது நிறுவனத்தின் கூற்று. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்குத் தொகை வழங்க உடன்பாடு ஏற்பட்டது; மனிதநேயம் கருதி என்று நிறுவனம் கூறிற்று. மண்ணைத் தூய்மை செய்தல் பற்றிய வழக்கு அதன் பின்னரும் நீண்டது.

பெருமாள்மலையில் மூச்சை எண்ணுகின்றனர். அதே மலைத்தொடரில் வேலைக்குச் சென்றோர், மூச்சோடு எதனை உள்ளிழுத்தோம் என்பதையே வழக்காக்கினர். அவர்களை நோக்கி, 'நுகர்வைக் கவனியுங்கள், வேட்கை எழாது' என்று கூறுவது கொடுமையாகும். நோய் செய்வானை விடுத்து நோயுற்றானின் மனத்தை மட்டும் திருத்த முற்படும் எந்தப் பயிற்சியும் பௌத்தத்தின் பாதியைக் கைவிட்டதே. பன்னிரு சார்பும் உணர்த்துவது, இஃது உளதாக அஃது உளதாகும் என்னும் காரண காரியமன்றோ? காரணத்தைத் தேடுவார் ஒருவர் தம் நெஞ்சோடு நின்றுவிடுதற்கு அத்தொடரில் இடமில்லை. சுற்றுலாக் கூட்டத்தின் நெருக்கத்தால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்வார் மின்வழி அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தமையும் இவ்வாறே காணத்தக்கது. அமைதி தேடி ஆயிரக்கணக்கான ஊர்திகளில் மலையேறுவோர், தேடியதைத் தம் ஊர்தியின் புகையால் அழிக்கின்றனர்.

மணிமேகலைக் காப்பியம் இதில் நமக்கு வழிகாட்டியாக நிற்கின்றது. அதன் தலைவி சார்புகளைக் கேட்பது இறுதிக் காதையில். அதற்கு நெடுமுன்னரே அவள் அமுதசுரபியை ஏந்தி, ஆதிரை இட்ட முதற் பிச்சையைப் பெற்று, காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசியைத் தீர்த்தவள். சிறைக்கோட்டம் புகுந்து ஆங்குள்ளார்க்கு உணவளித்தவள். அச்சிறையை அறக்கோட்டமாக்குமாறு அரசனிடம் கேட்டுப் பெற்றவள். பசி தீர்த்தல் முன், தத்துவம் பின் என்பது சாத்தனார் கொண்ட வரிசை. ஜென் மரபிலும் இதற்கு இணை உண்டு. பயிற்சியின் படிகளை எருது மேய்க்கும் சிறுவனின் பத்து ஓவியங்களாகத் தீட்டும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் நிலைபெற்றது. அவற்றுள் பத்தாவது ஓவியத்தில் பயின்று முதிர்ந்தவன் கைவிரித்துச் சந்தைக்குள் நுழைகின்றான். மலையுச்சி இறுதியோவியமாக அமையவில்லை.

தமிழகத்தில் அச்சந்தைக்குள் முதலில் நுழைந்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) எனலாம். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார்; 1907 முதல் இதழ் நடத்தினார். கோலார்த் தங்கச் சுரங்கத்தில் உழைத்த தமிழரிடையே அச்சங்கத்தின் கிளை வேரூன்றியது. அவர்களுக்கு இக்கால இடர் என்பது மனவழுத்தமன்று, சாதி. பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூல் அறிவுத்துறைக்கு அதே பணியைச் செய்தது. பெருமாள்மலைப் பயிற்சி இவ்வழியில் வந்ததன்று. காமகுரா வழியே வந்தது. இரு வழிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே நாட்டில் ஓடுவது தமிழ் ஆய்வாளர் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தியாகும். ஒன்று அமரக் கற்பிக்கின்றது. மற்றொன்று எழக் கற்பித்தது. பௌத்தம் என்று இன்று தமிழில் பேசுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே அறிந்திருக்கின்றனர்.

இவ்விடைவெளிக்கு மொழியும் ஒரு காரணம். தமிழர் ஒருவர் நிறுவிய கூடத்தில், தமிழ்மலையில், சாமு, தோகுசான் என்று ஜப்பானியச் சொற்களும் அவற்றுக்கு ஆங்கில விளக்கமும் வழங்குகின்றன. குறை கூறுதற்காக இதனைச் சொல்லவில்லை. வருவோர்க்கு ஏற்ப மொழி அமையும்; தமிழில் கேட்பார் மிகுந்தால் தமிழும் வரும். ஆனால் கேட்பார்க்குக் கொடுக்கச் சொல் ஆயத்தமாயிருத்தல் வேண்டும், அது தமிழ்த்துறையின் பணி. 1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தக் கருத்துகளை விளக்குவார் தமிழ்ப் புலவருள் இல்லாமையால் பேராசிரியர் ரங்காசாரியாரின் துணையை நாடினார். ஆங்கில நூல்களின் வழியே தமிழ்க் காப்பியத்தின் பொருள் விளங்கிற்று. இன்று நமக்கு அத்தகைய இடர்ப்பாடு இல்லை. மணிமேகலையின் 27, 29, 30ஆம் காதைகள், நீலகேசியில் பௌத்தரோடு நிகழும் வாதச் சருக்கங்களும் அவற்றின் உரையும், வீரசோழிய உரையில் மேற்கோளாக எஞ்சிய பௌத்தச் செய்யுட்கள், அயோத்திதாசரின் கட்டுரைகள் ஆகியன அச்சில் உள்ளன. இவற்றிலிருந்து பயிற்சிச் சொற்களைத் தொகுத்துப் பாலி இணைகளோடு அகராதியாக்குதல் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய பொருள். அதில் 'ஊறு' போன்ற சொற்கள் தனிக் கவனத்திற்குரியன. மணிமேகலையில் தீண்டல் அளவில் நின்ற அச்சொல் இன்று தீங்கு என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. பழம்பொருளை மீட்டெடுத்துப் பயில்வோர் வாயில் வைக்க இயலுமா என்பதை ஏட்டில் மட்டும் வைத்து முடிவு செய்தல் அரிது. அமர்ந்து பயில்வாரிடம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆய்வு மாணாக்கர் ஓரிருவர் சில வாரமேனும் அங்ஙனம் பயின்று, எச்சொல் நாவில் நின்றது, எச்சொல் உதிர்ந்தது என்று குறித்து வருவாராயின், முப்பதாம் காதைக்குப் புதிய உரையொன்று எழுதத் தொடங்கலாம்.